வீட்டுக் காவலும் கணினியும் – 5
ஓயாமல் எழுதும் யந்திரம்

கேமராக்களை எங்கெங்கே பொருத்துவது என்பதைச் சென்ற வாரம் ஆராய்ந்தோம். வாசல், கொல்லை, மாடிப்படி, வண்டி நிற்கும் இடம் என்று நான்கு கேமராக்கள் வைத்தாயிற்று என்று கொண்டு, அவை அனுப்பும் காட்சிகளை வாங்கிப் பத்திரப்படுத்தும் கணினியைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு இப்போது வருவோம். கடைக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிராசஸரின் வேகத்தைத்தான். ஆனால் இந்த யந்திரமோ, என்றைக்கோ ஒரு நாள் வழக்கு வந்தால் புரட்டிப் பார்ப்பதற்காக வருஷம் முழுவதும் பேரேடு எழுதிக்கொண்டிருக்கும் கணக்கப்பிள்ளையைப் போன்றதாகையால், அதனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது சாமர்த்தியத்தைவிட அயராத உழைப்பே ஆகும்.

ஆகவே கணக்கை ஹார்ட் டிஸ்கிலிருந்து தொடங்குவதே உசிதம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் காட்சியை அனுப்புமானால், ஒரு நாளில் சேர்வது சுமார் 43 ஜிபி. நான்கு கேமராக்களுக்கு ஏறக்குறைய 173 ஜிபி. 4 டிபி கொள்ளளவுள்ள டிஸ்கில் இது 23 நாள் தங்கும். அதன் பிறகு பழைய காட்சிகளை அழித்துப் புதியவை அமரும். ஒரு மாதம் வெளியூர் போய்த் திரும்பும் வழக்கமுள்ள குடும்பத்துக்கு அது போதாது. பெரிய டிஸ்க் வாங்கலாம். அல்லது பழைய எச்.264 முறைக்குப் பதிலாக, ஏறத்தாழ அதே தெளிவைப் பாதி இடத்தில் அடக்கவல்ல எச்.265 முறையைக் கையாளலாம்.

டிஸ்கின் அளவைப் போலவே அதன் ஜாதியும் முக்கியம். சாதாரண டிஸ்க், பழுதான ஓரிடத்தைச் சந்தித்தால், அதைச் சரிவரப் படித்துவிட வேண்டுமென்று திரும்பத் திரும்ப முயன்று பல நொடிகளைச் செலவிடும். கடிதங்களையும் கணக்குகளையும் காப்பதற்கு அந்தப் பிடிவாதம் நல்லதுதான் என்றாலும், காட்சி வந்து குவிந்துகொண்டிருக்கும்போது அது ஆபத்தாக முடியும். டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்குகளோ, இரவு பகலாக எழுதுவதற்கென்றே அமைந்தவை. ஒரு துணுக்குப் படம் கெட்டாலும் கெடட்டும், ஓட்டம் நிற்கலாகாது என்பது அவற்றின் கொள்கை.

பிராசஸருக்கு வேலையே இல்லை என்பதல்ல. வந்த காட்சியை அப்படியே எழுதிவைப்பது அற்பப் பணி. அதில் மனிதர் நடமாட்டம் உண்டா என்று பார்க்க, சுருக்கிய காட்சியை விரித்தாக வேண்டும், அதுதான் பாரம். பெரும்பாலான கேமராக்கள் தெளிவான பெரிய காட்சியோடு சிறிய காட்சி ஒன்றையும் அனுப்புகின்றன. சிறியதை ஆராய்ந்து பெரியதைச் சேமிக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு, காட்சியை விரிக்கும் பகுதி உள்ளேயே அமைந்த இன்டெல் என்100 போன்ற சிறிய பிராசஸரையும் 8 ஜிபி ராமையும் வைத்துக்கொண்டால், நான்கு கேமராக்களுக்குத் தாராளம்.

சிறியதை விரும்புவதற்கு மின்சாரக் கணக்கும் ஒரு காரணம். மூலையில் கிடக்கும் பழைய கணினி செலவில்லாதது என்று தோன்றும். ஆனால் 60 வாட் இழுக்கும் அது இடைவிடாமல் ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகிவிடும், தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். 15 வாட்டில் ஓடும் சிறு கணினிக்கு 22 யூனிட் போதும். இன்வெர்ட்டரிலும் அது நெடுநேரம் தாங்கும். கேமராக்களுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சையும் அதே இன்வெர்ட்டரில் சேர்க்க மறந்தால் இவ்வளவும் வீண். மின்சாரம் அடியோடு போய்த் திரும்பும்போது கணினி தானே விழித்துக்கொள்ளும்படி பயாஸில் அமைத்துவிடுவதும் அவசியம்.

எல்லாம் முடிந்தபின் மாதம் ஒருமுறை, பத்து நாளைக்கு முந்தைய ஏதாவது ஒரு நள்ளிரவுக் காட்சியைத் தேடியெடுத்து ஓட்டிப் பாருங்கள். பதிவு நடக்கிறது என்று சிறு விளக்கு காட்டுவதை நம்பி இருந்துவிடுவதைக் காட்டிலும் அதுவே உண்மையான பரீட்சை.

தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களைத் தன்வசப்படுத்திக்கொண்டு 2016-இல் இண்டர்நெட்டையே கலக்கிய மிராய் என்னும் நச்சுநிரலைப் பற்றியும், நம் வீட்டுக் கேமராக்களை வெளியுலகிலிருந்து பிரித்துவைக்கும் வழியைப் பற்றியும் அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)