இருட்டுக் கொட்டகை – 9: நாகவல்லிக்கு எந்த ஊர்?

இந்த வாரம் பெங்களூரு டபுள் ரோடு மேம்பாலத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். 'யு டர்ன்' படத்தில் தடுப்புக் கல்லை நகர்த்திவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள் வரிசையாகச் சாகிறார்களே, அந்தப் பாலம். போகலாம், ஆனால் நடுவில் ஒரு பேய் குறுக்கே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை 'ஆப்தமித்ரா'வை மறுபடி பார்த்தேன். 2004-ல் பி.வாசு கன்னடத்தில் எடுத்த படம். விஷ்ணுவர்தன், ரமேஷ் அரவிந்த், சௌந்தர்யா. சூடு ஆறுவதற்குள் மூலப்படமான 'மணிச்சித்திரத்தாழ்', பிறகு 'சந்திரமுகி' என்று அடுத்தடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றிலும் அதே பூட்டிய அறை, அதே நாட்டியக்காரிப் பேய். அவள் வாயைத் திறந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1993-ல் ஃபாசில் எடுத்த மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அவள் பிடித்திருக்கும் கங்காவை, நகை வாங்கப் போக வேண்டாம் என்று கணவன் தடுக்கிறான். கங்காவாக இருந்த ஷோபனாவின் கழுத்து மெல்லத் திரும்புகிறது, கண் விரிகிறது, கட்டிலை அப்படியே தூக்குகிறாள், குரல் தடித்துத் தமிழில் வெடிக்கிறது. கேரளமே நடுங்கிய இடம். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லிக்கு துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். அந்தத் தமிழ்க் கோபம் நிஜமாகவே தமிழ்த் தொண்டையிலிருந்து வந்தது. பல வருஷம் முழுப் பெயரும் பாக்யலட்சுமிக்கே போய்க்கொண்டிருந்தது வேறு கதை. மலையாளிக்குத் தூக்கிவாரிப்போடும் அந்தக் காட்சி எனக்கு மட்டும், ஊரிலிருந்து வந்த அத்தை கூடத்தில் நின்று சண்டை போடுவது போல இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட.

அதே நாகவல்லி கன்னடத்துக்கு வந்தபோது தெலுங்குக்காரி ஆகிவிட்டாள். 'ரா ரா' பாட்டு கன்னடப் படத்தில் தெலுங்கிலேயே ஒலித்தது. சௌந்தர்யா கோலார் மாவட்டத்து முல்பாகலில் பிறந்தவர். கொடிகட்டிப் பறந்ததோ தெலுங்கு சினிமாவில். அந்த மொழியில் பேயாட அவரை விட்டால் யார்? 2004 ஏப்ரல் 17 அன்று தேர்தல் பிரசாரத்துக்காக ஜக்கூரிலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து அவர் இறந்தார். படம் திரைக்கு வந்தது ஆகஸ்டில். அன்று தியேட்டரில் பார்த்த மாடி வீட்டு அக்காவிடம் பயமாக இருந்ததா என்று கேட்டேன். "பயம் எங்க சார், அழுகைதான் வந்துச்சு" என்றார்.

'ஆப்தமித்ரா'வைப் பார்த்துவிட்டுத்தான் ரஜினி அதைச் சென்னைக்கு எடுத்துப் போனார். 2005-ல் 'சந்திரமுகி'. தஞ்சாவூர்ப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் இல்லையா? இல்லை. பெங்களூரு வழியாக வந்ததால் தெலுங்கையே மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். தமிழ்ப் படத்தில் ஜோதிகா தெலுங்கில் ஆட, பின்னணியில் மலையாளப் பாடகி பின்னி கிருஷ்ணகுமார். அதைவிட வேடிக்கை இருக்கிறது. 'சந்திரமுகி'யைத் தெலுங்கில் டப் செய்தபோது 'ரா ரா'வை அப்படியே விட முடியவில்லை. தெலுங்குக்காரரிடம் தெலுங்கில் பாடினால் யார் மிரளுவார்கள்? 'வாராய்' என்று தமிழில் மாற்றிவிட்டார்கள். ஆக, அவள் மறுபடி தமிழ் பேச ஆந்திரா போக வேண்டியிருந்தது! இந்த ஒரு விஷயத்துக்காகவே ஞாயிறு முழுக்கப் போனாலும் தகும். இந்தியில் 2007-ல் வந்த 'பூல் புலையா'வில் அதே பெண் மஞ்சுலிகா என்ற வங்காளி.

எந்த ஊரில் எடுத்தாலும் பேய் வெளி மாநிலத்துக்காரி. அடைத்து வைத்துக் கொன்றவன் உள்ளூர் ராஜா, அல்லது காரணவர் என்கிற குடும்பத் தலைவன். மிரள்வதோ அவள் பாஷையைக் கேட்டு. இது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று படத்திலும் அவன் பேரில் வரும் கோபத்தைவிட அவள் பேரில் வரும் பயத்துக்குத்தான் அதிக ரீல் செலவாகிறது. 'சந்திரமுகி'யில் அதிலும் பாதியை வடிவேலு தின்றுவிடுகிறார். அவர் பேரில் எனக்கு வருத்தமில்லை. பயத்துக்கு மலையாளம்தான். ஜோதிகாவின் கண் மட்டும் அதற்குப் பக்கத்தில் வருகிறது.

சமீப வருஷங்களில் வந்ததில் இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்தது 2025-ன் 'சு ஃப்ரம் சோ'. சோமேஸ்வராவிலிருந்து வந்த சுலோசனா பிடித்திருக்கிறாள் என்று ஒருவன் கதை விடுகிறான். மாநிலம்கூட வேண்டாம், பக்கத்து ஊரே போதும் என்று மங்களூர்க்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். சிரித்துப் பார்க்கலாம், குழந்தைகளோடு.

பெங்களூருக்கென்று சொந்தமாக ஒரு பேய் உண்டு. தொண்ணூறுகளில் ராத்திரி கதவைத் தட்டியது; வீட்டுக்காரர்கள் கதவில் கன்னடத்தில் 'நாளெ பா' என்று எழுதி வைத்தார்கள், நாளைக்கு வா என்று. அது படித்துவிட்டுத் திரும்பிப் போனதாம். அண்டை மாநிலத்துப் பெண்ணாக இருந்தால் எப்படிப் படித்திருக்கும்? இதே கதையை எடுத்துக்கொண்ட 'ஸ்திரீ' என்ற இந்திப் படத்தில் இந்தச் சந்தேகத்தை அவர்கள் சமாளித்த விதத்தையும், டபுள் ரோடு கல்லையும் அடுத்த வாரம் பார்ப்போம். ஆசிரியர் பக்கத்தை முடிக்கச் சொல்லி இரண்டாவது தடவை போன் செய்துவிட்டார்.