கைக்குழந்தையோடு ராமேசுவரம்

கல்லலிலிருந்து ராமேசுவரம் ஒன்றும் காசி தூரமில்லை. விடியற்காலையில் காரில் கிளம்பினால் தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாகக் காலைப் பலகாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஐந்து வயதுப் பையனையும் ஒன்றரை வயதுப் பெண்ணையும் கோடை விடுமுறையில் கூட்டிப் போவதென்றால்? போய் வந்த எனக்குத்தான் தெரியும்!

"பேரன் பேத்தியை இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வைக்கிறதா வேண்டியிருக்கேன்" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். மறுபேச்சு ஏது?

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பக்கத்தில், 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் என்று இவர் சொல்ல, "இப்பவே தூக்கச் சொல்லுங்கப்பா!" என்று பையன் ஒரே அடம்.

மாலை தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் ஆர்ப்பரிக்கும் ஆண்கடல் என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். இழுப்பு அதிகம் என்பதால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. அதில் கவனமாக இருந்த நான், வேறொன்றில் கோட்டை விட்டேன். தாகமென்று அழுதவளுக்கு வழியில் ஐஸ் போட்ட ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் விடிவதற்குள் சின்னவளுக்கு நான்கு முறை வயிற்றுப்போக்கு. பிள்ளை துவண்டு போனாள். கோயிலுக்குப் புறப்பட்டு நின்ற அத்தையிடம் எப்படிச் சொல்வது? "இவளுக்கு இன்னிக்குத் தீர்த்தம் வேண்டாம் அத்தை" என்றேன் தயங்கித் தயங்கி. அத்தை பிள்ளையின் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "சாமி எங்க போகுது? பிள்ளையப் பாரு. அடுத்த வருஷம் ஆடிக்கலாம்" என்றார். என் கண் கலங்கிவிட்டது.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதும் கரைத்தேன். ஒவ்வொரு முறை போன பிறகும் கால் டம்ளருக்குக் குறையாமல், ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலையும் நிறுத்தவில்லை. டாக்டரிடம் காட்டினோம், துத்தநாக மருந்து 14 நாள் கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் அவள் இட்லி கேட்டாள். பையனைத் தீர்த்தமாட்டிக் கூட்டி வந்த அத்தை, சொம்பில் கொண்டு வந்த தீர்த்தத்தைப் பேத்தியின் தலையில் தெளித்தார். வேண்டுதல் நிறைவேறிவிட்டதாம்!

பயணம் கிளம்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

கண் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, வெகுநேரம் சிறுநீர் போகாமை, மலத்தில் ரத்தம் இவை கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கோயில் பிராகாரத்தில் ஈரம் வழுக்கும். குழந்தையைக் கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த உடையை உடனே மாற்றுங்கள்.

குடிநீர் வீட்டிலிருந்தே. ஐஸ் வேண்டவே வேண்டாம். இது பட்டவள் சொல்வது!