செகண்ட் ஹேண்ட் உலகம் – 17: முதலில் நம்பர், அப்புறம் குழல்

2004-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பிரைகோ என்ற துப்பாக்கி நிறுவனத்தின் சொத்துகள் திவால் நீதிமன்றத்தில் ஏலத்துக்கு வந்தன. கேட்டவர்களில் ஒருவர் பதினேழு வயது இளைஞர்; சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர். தொழில் நடத்துவது அவர் நோக்கமல்ல. முழுதாகச் செய்து முடிக்காமல் கிடந்த பிஸ்டல்களை வாங்கி உருக்கிவிட நினைத்தார். கடைசியில் அந்த நிறுவனத்தின் பழைய ஃபோர்மேன் 5,10,000 டாலருக்கு ஏலத்தை எடுத்தார். வேறு பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்.

இளைஞருக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1994-ல், குடும்ப நண்பர் ஒருவர் பிரைகோ பிஸ்டலிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றார். அந்த மாடலில் தோட்டாவை எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். விடுவித்தார். துப்பாக்கி வெடித்தது. சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 2003-ல் கலிஃபோர்னியா ஜூரிகள் சொன்ன தீர்ப்பில் நிறுவனத் தரப்பின் பங்கு மட்டும் 2 கோடியே 40 லட்சம் டாலர் அளவுக்கு வந்தது. நிறுவனம் திவாலானது அதனால்தான்.

நிறுவனம் போனாலும் அது விற்ற பிஸ்டல்கள் போகவில்லை. அடகுக் கடைகளிலும் துப்பாக்கிச் சந்தைகளிலும் மலிவு விலைக்கு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பழைய பிஸ்டலைக் கையில் எடுக்கும் அமெரிக்கர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இங்கிருந்தே பிறக்கிறது: சேஃப்டி போட்டிருக்கும்போதே ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை எடுக்க முடியுமா? முடியாத மாடலெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. நூறாண்டு கடந்தும் மதிப்பு குறையாத 1911 வகையிலும் வழக்கமாக முடியாதுதான். ஆனால் கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாமல் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

யாரும் கட்டாயப்படுத்த முடியாது

பழைய கார் வாங்கும் அமெரிக்கருக்கு அரசு துணைக்கு இருக்கிறது. பிரேக்கில் கோளாறு என்றால் அந்த மாடல் முழுவதையும் திரும்பப் பெற்றுச் சரிசெய்யும்படி கார் நிறுவனத்துக்கு உத்தரவிட முடியும். துப்பாக்கிக்கு அந்த வசதி கிடையாது. 1972-ல் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே துப்பாக்கிகளுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். மிக்ஸியையும் தொட்டிலையும் சந்தையிலிருந்து விலக்கச் சொல்லும் ஆணையத்துக்கு, கீழே விழுந்தாலே வெடிக்கும் பிஸ்டலைப் பற்றி வாய் திறக்க அதிகாரம் இல்லை.

ஆகவே ஒரு மாடலில் குறை தெரிந்தால் தயாரிப்பாளர் தானாக முன்வந்து அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது வழக்குப் போட வேண்டும். அறிவித்த பிறகும் எல்லோரும் துப்பாக்கியை அனுப்பிச் சரிசெய்துகொள்வதில்லை. அப்படிச் சரிசெய்யாமல் விட்டவை செகண்ட் ஹேண்ட் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நல்லவற்றோடு சேர்ந்து படுத்திருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சீரியல் நம்பர். 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நம்பரை அராவிய துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். நம்பர் இருக்கும் இடத்தில் ராவிய தடம் தெரிந்தால் அதற்கு மேல் பேரம் பேச ஒன்றுமில்லை. கடையை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

சில உதாரணங்கள். ரூகர் நிறுவனத்தின் எல்சிபி, சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன பிஸ்டல். 2008-ல் வந்த அதன் தொடக்க உற்பத்தி, தோட்டா ஏற்றிய நிலையில் கடினமான தரையில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே அறிவித்துத் திரும்பப் பெற்றது. அவற்றின் நம்பர் 370 என்று தொடங்கும். திருத்திய வடிவம் 371-ல் தொடங்கியது. ஓர் இலக்கத்தில் இருக்கிறது விஷயம்.

ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனமும் தன் எக்ஸ்டி-எஸ் மாடலை 2013-ல் திரும்பப் பெற்றது. இங்கே நம்பரோடு இன்னொரு அடையாளமும் உண்டு. கைப்பிடியின் பின்புறம் உள்ளங்கை அழுத்தும் சேஃப்டியில் ஒரு சின்ன உருளை ஆணி தெரிந்தால் பிஸ்டல் தொழிற்சாலைக்குப் போய் வந்துவிட்டது என்று பொருள்.

சிக் சாவர் பி320 கதை பெரியது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவமே இந்த வடிவமைப்பைத் தன் புதிய கைத்துப்பாக்கியாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் தரையில் படும்படி விழுந்தால் பொதுச் சந்தை மாடல் வெடிக்கிறது என்பது சோதனைகளில் வெளிப்பட்டது. டல்லாஸ் போலீஸ் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. நிறுவனம் விசை உள்ளிட்ட பாகங்களை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. அந்தத் தேதிக்கு முன் செய்த பி320 கடையில் கிடைத்தால், மாற்றம் செய்த துப்பாக்கிதானா என்று தயாரிப்பாளரிடம் நம்பரைச் சொல்லிக் கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

டாரஸ் விவகாரம் வழக்கு வழியாக வந்தது. அயோவா மாநிலத்தில் ஒரு காவல் அதிகாரி, தப்பி ஓடியவரை விரட்டியபோது அவருடைய பிடி-140 பிஸ்டல் கீழே விழுந்து வெடித்தது. 2013-ல் அவர் தொடுத்த வழக்கு ஒன்பது மாடல்களையும் ஏறத்தாழ 10 லட்சம் பிஸ்டல்களையும் உள்ளடக்கிய சமரசத்தில் முடிந்தது. தவறு எதையும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்காதவை யாரிடமோ இருக்கின்றன.

பழைய ரூகர் ரிவால்வர்களில் நம்பர்கூடத் தேவையில்லை. பக்கவாட்டில் ஸ்குரூவை எண்ணினால் போதும். 1973-க்கு முந்தையவற்றில் மூன்று ஸ்குரூக்கள் இருக்கும். அதற்குப் பிந்தையவற்றில் இரண்டு ஊசிகள். மூன்று ஸ்குரூ ரகத்தில், சுத்தியின் மேல் அடிபட்டால் அதன் கீழே இருக்கும் தோட்டா வெடிக்கும். அதனால்தான் ஆறு அறையில் ஐந்து மட்டும் நிரப்பும் வழக்கம் வந்தது. ரூகர் இதை இலவசமாக மாற்றித்தருகிறது. கழற்றிய பழைய பாகங்களையும் கூடவே திருப்பி அனுப்பிவிடுகிறது. சேகரிப்பாளருக்கு அந்தப் பழைய பாகங்கள்தான் மதிப்பு! மாற்றப்படாத துப்பாக்கிக்கு அவர் கூடுதல் விலை கொடுப்பார். சுடுவதற்காக வாங்குபவர் அதே காரணத்துக்காகத் தயங்க வேண்டும்.

கையில் எடுத்தபின்

கடைக்காரர் “காலிதான்” என்று சொல்லிக் கொடுத்தாலும் வாங்கியவர் தானே பார்ப்பதுதான் அங்கே மரியாதை. வரிசை முக்கியம்: முதலில் மேகசின் வெளியே, பிறகு ஸ்லைடை இழுத்து அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், இழுத்த ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். மேகசினை உருவியதும் காலி என்று நம்பியவர்கள் கையில் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன.

அடுத்தது குழல். பிஸ்டலைப் பிரித்து, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த சிறு குழிகள் துடைக்காமல் விட்டதன் அடையாளம். உள்ளே ஓரிடத்தில் நிழல்போல ஒரு வளையம் தெரிந்தால் விஷயம் வேறு. வலுவில்லாத தோட்டாவின் குண்டு பாதியில் சிக்கி, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டதால் குழல் வீங்கியிருக்கிறது. அந்தக் குழல் தூக்கிப்போட வேண்டியது. குழல் வாயின் விளிம்பில் விழுந்த சின்ன வெட்டுகூடக் குறியைக் கெடுக்கும்.

கடைக்காரரின் அனுமதியோடு காலித் துப்பாக்கியின் விசையைச் சோதிக்கலாம். சுத்தி உள்ள மாடல் என்றால் அதை ஏற்றிவிட்டு, விசையைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பது பழைய கைகாரர்களின் வழக்கம். சுத்தி விழுந்தால், விசை மிருதுவாக வேண்டும் என்று யாரோ உள்ளே அரத்தை ஓட்டியிருக்கிறார்கள். தலை சிதைந்த ஸ்குரூக்களும் அதே ஆசாமியைத்தான் காட்டிக்கொடுக்கும். அடிஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பென்சில் போதும்: ரப்பர் முனை கீழே இருக்கும்படி குழலுக்குள் போட்டு, வாயை மேல்நோக்கிப் பிடித்து விசையை இழுத்தால் பென்சில் துள்ளி வெளியே வர வேண்டும். பழைய .22 பிஸ்டல்களில் மட்டும் இந்தச் சோதனைகள் கூடாது. காலியாக விசையை இழுத்தால் ஊசி அறையின் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடும்.

போலீஸ் கைமாற்றியது

1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் இருவர் இறந்தனர். இன்னும் வலுவான தோட்டா வேண்டும் என்ற தேடலில் 1990-ல் .40 அளவு பிறந்தது. நாடெங்கும் போலீஸ் துறைகள் அதற்கு மாறின. 2016-ல் எஃப்.பி.ஐ. மீண்டும் 9 மி.மீ. பிஸ்டலுக்கே திரும்ப, பல போலீஸ் துறைகளும் அதே வழியில் போயின. பழைய .40 கிளாக் பிஸ்டல்கள் மொத்தமாகக் கடைகளுக்கு வந்தன.

இவற்றின் வெளிப்புறம் உறையில் உரசி வெளுத்திருக்கும். உள்ளே தேய்மானம் அநேகமாகக் குறைவு. தினமும் இடுப்பில் இருந்தனவே தவிர, பயிற்சிக்கு மேல் அதிகம் சுட்டவை அல்ல. வெளுப்பைப் பார்த்து ஒதுக்குபவர் நல்ல பேரத்தைத் தவறவிடுகிறார். கவனிக்க வேண்டியவை இரண்டு: தளர்ந்த சுருள்வில், மங்கிய இரவுக்குறி. இருட்டில் ஒளிரும் குறிகளில் இருப்பது ட்ரிட்டியம். அதன் அரைவாழ்வு 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல். அத்தனை வயதான குறியில் பாதி வெளிச்சம்தான் மிஞ்சியிருக்கும். மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

காகித வேலை

உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும். 1998 நவம்பரில் தொடங்கிய மத்தியப் பதிவுமுறை வழியாக அவருடைய பின்னணி சோதிக்கப்படும். கவனிக்க: அந்தச் சோதனை ஆளைப் பற்றியது, துப்பாக்கியைப் பற்றியது அல்ல. அது திருட்டுப் பொருளா, குறையுள்ள மாடலா என்பதை அது சொல்லாது.

ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரு தனியாட்களுக்குள் விற்பனை என்றால் மத்தியச் சட்டம் அந்தச் சோதனையையும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் மட்டும் கடைக்காரர் வழியாகத்தான் நடத்த வேண்டும் என்கின்றன. விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால் எங்கானாலும் உரிமம் பெற்ற கடை நடுவில் வர வேண்டும். தனியாரிடம் வாங்கும் விவரமறிந்தவர்கள் நம்பர், தேதி, இருவர் கையெழுத்து எல்லாம் கொண்ட விற்பனைச் சீட்டு கேட்பார்கள். நம்பரை முன்கூட்டியே வாங்கி, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளூர் போலீஸிடம் கேட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. சீட்டு எழுதவோ நம்பரைச் சொல்லவோ விற்பவர் மறுத்தால், அவர்கள் அடுத்த கடையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: பழைய பியானோ – சாவிகளைத் தட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியவை