வேட்டியைக் கரைத்து எடுக்கும் வடாம்

டெக்சாஸின் இர்விங்கில் வெயில் சுள்ளென்று அடிக்கும் நாட்களில் எங்கள் பால்கனியில் கூழ் வடாம் காயும். பழைய வேட்டியில் ஊற்றிக் காயவைத்து, துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்போம். அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். கிராஃபீன் படலத்தை இடம் மாற்றுபவர்களுக்கும் இதே கவலைதான். அவர்களோ வேட்டியையே கரைத்துவிடுகிறார்கள்.

கிராஃபீன், ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் படலம். 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டிலிருந்து உரித்தவை சின்னஞ்சிறு துணுக்குகள். பெரிய படலம் வளர்க்கும் வழியை 2009இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராட்னி ருவாஃப் குழுவும், டாலஸ் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லூயிஜி கொலம்போவும் சேர்ந்து காட்டினார்கள். சுமார் 1000 டிகிரி செல்சியஸில் தாமிரத் தகட்டின்மேல் மீத்தேனைச் செலுத்த வேண்டும். தாமிரத்துக்குள் கார்பன் கரைவது மிகக் குறைவு என்பதால், அது மேலேயே படர்கிறது. பரப்பு மூடியதும் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

ஆனால் மின்னணுக் கருவிக்குப் படலம் சிலிக்கான் மேல் வேண்டும். அதனால் படலத்தின்மேல் பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, அடித் தாமிரத்தை ஃபெர்ரிக் நைட்ரேட் கரைசலில் கரைக்கிறார்கள். மிதக்கும் படலத்தைத் தண்ணீரில் அலசி, சிலிக்கான் சில்லால் அடியிலிருந்து ஏந்தி எடுத்து, உலர்த்தி, பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கரைக்கிறார்கள்.

இங்கேதான் படலம் கிழிந்தது. தாமிரத்தின் மேடுபள்ளத்தை அப்படியே வாங்கிக்கொண்ட படலம், அதே வடிவில் இறுகிய பிளாஸ்டிக்கோடு சமதளத்தில் உட்காரும்போது ஆங்காங்கே இடைவெளி விழும். பிளாஸ்டிக் போனதும் அந்த இடங்கள் ஆதாரமின்றி விரிசல் விடும். ருவாஃப் குழு 2009இலேயே கண்ட மருந்து, இன்னும் ஒரு சொட்டு பி.எம்.எம்.ஏ.! புதுச் சொட்டு பழைய பூச்சை இளக்க, படலம் தளர்ந்து தரையோடு படிகிறது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விரிசல் குறைந்தாலும் அழுக்கு மிஞ்சியது. அசிட்டோனுக்குப் பிறகும் பிளாஸ்டிக் எச்சம் ஒட்டியிருக்கும். ஓர் அணுத் தடிமனுள்ள பொருளில் எல்லாமே மேற்பரப்புதான். எச்சம் அதன் மின்குணத்தையே மாற்றிவிடும். எங்கள் ஊரிலிருந்து காரில் எட்டிவிடும் தூரத்தில், ரிச்சர்ட்சனில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக டாலஸ் கிளையின் ராபர்ட் வாலஸ் குழு, ஆஸ்டின்காரர்களோடு சேர்ந்து 2011இல் இந்த எச்சங்களை ஆராய்ந்து, வெற்றிடத்தில் சூடேற்றி அவற்றைக் குறைத்துக் காட்டியது.

2019இல் எம்.ஐ.டி.யின் ஜிங் காங் குழு பிளாஸ்டிக்குக்குப் பதில் பாரஃபின் மெழுகைப் பூசியது. வெதுவெதுப்பான நீரில் மெழுகு விரிய, படலத்தின் சுருக்கங்கள் நீவப்பட்டன. பிறகு மெழுகை ஹெக்ஸேனில் கரைத்தார்கள். மிஞ்சிய அழுக்கும் குறைவு.