புது லொறியும் முதல் ஒயில் மாற்றமும்



கொழும்புத்துறையில் என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் கடன்பட்டுப் புதிய டீசல் லொறியொன்று வாங்கினார். சில நாட்களில் வந்து, "ஐயா, ஒயில் அதற்குள் கறுத்துவிட்டது, இப்போதே மாற்றவேண்டுமோ?" என்று வினவினார். அவர் குடும்பம் அந்த லொறியையே நம்பியிருக்கிறது. ஆதலின் விடையைச் சற்று விரித்துரைக்கிறேன்.

புது எஞ்சினில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்தே இசைவு பெறுகின்றன. அப்போது உதிரும் உலோகத் துகள்கள் ஒயிலிற் கலக்கின்றன. பெரியவற்றை வடிகட்டி தடுக்கும். மிக நுண்ணியவை ஒயிலோடு சுற்றியோடி உறுப்புக்களைத் தேய்க்கும். அவற்றை அகற்றுவதே முதல் மாற்றத்தின் நோக்கம்.

முற்காலக் கைநூல்கள் பல 1,000 கிலோமீற்றர் அளவிலேயே மாற்றச் சொல்லின. இன்று உறுப்புக்கள் நுட்பமாகக் கடையப்படுவதால், பல எஞ்சின்களுக்கு அத்தவணை நீண்டுள்ளது. எனவே, அந்தந்த லொறியின் கைநூல் கூறும் தூரம், காலம் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே தவணை. நிறம் அளவுகோல் அன்று. டீசற் கரியைத் தன்னுள் ஏந்துவதால் நல்ல ஒயிலும் விரைவிற் கறுக்கும்.

எஞ்சின் சூடாயிருக்கையில் வடித்தால் துகள்களும் உடன் வெளியேறும். வடிகட்டியையும் கைநூலின்படி மாற்றுக.

வடித்த ஒயிலை மண்ணில் ஊற்றலாகாது. நம் குடாநாட்டார் பலர் பருகுவது சுண்ணக்கற்பாறையில் தேங்கும் நிலத்தடி நீரையே. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெருங் கவலையை விளைத்ததை மறத்தல் தகுமோ? லொறியைக் காக்கும் கை கிணற்றையும் காப்பதாக.