மீன் தொட்டியில் முதலில் செடி, பிறகே மீன்

வீட்டில் கண்ணாடித் தொட்டி அமைப்போர் பலர், தண்ணீர் ஊற்றிய அன்றே மீன்களை விட்டு, சில நாளில் இழந்து விடுகின்றனர். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவே காரணம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா மணலில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நைட்ரேட்டைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். வயலில் நடப்பதும் இதுவே.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி போதுமானது. நிரப்பினால் சுமார் 70 கிலோ கனக்கும்; உறுதியான மேசை தேவை. எருவும் ரசாயன உரமும் கலவாத சலித்த மண்ணை 1 அங்குலமும், அதன்மேல் கழுவிய ஆற்று மணலை 2 அங்குலமும் இட வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் கல் சுண்ணாம்புக்கல், அதைத் தவிர்க்கவும்.

வேலம்பாசி, வாலிஸ்நேரியா ஏற்றவை. ஏரியில் எடுத்த செடியை நன்கு அலசி நடவும். தினம் 8 மணி நேரம் விளக்கு வெளிச்சம் போதும்; நேர் வெயில் பட்டால் பாசி படரும்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் கப்பி, மோலி மீன்கள் தாங்கும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றவும். ஒரு மாதம் கழித்து நான்கைந்து மீன் மட்டும் விடவும். தங்கமீன் செடிகளைத் தின்றுவிடும்.

வேண்டாத மீனையோ செடியையோ ஏரியில் விடாதீர்கள். அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியதை விவசாயிகள் அறிவர்.