ஏற்காடு அடிவாரத்தில் எடுத்த படங்கள்: இன்று பார்த்தால் எப்படி இருக்கின்றன?

மலையுச்சி. காதலித்துக் கைப்பிடித்த கணவனே தன்னைத் தள்ளிவிடத்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் அழவில்லை, ஓடவும் இல்லை. சாவதற்கு முன் உங்களை வலம் வந்து வணங்க வேண்டும் என்று கேட்கிறாள். அவனும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். சுற்றி வந்தவள் பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

1950-ல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’யின் இந்தக் காட்சி, எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கைப்பேசித் திரையில் பார்க்கும்போதும் மூச்சைப் பிடிக்க வைக்கிறது. படத்தை எடுத்தது சென்னைக் கம்பெனி அல்ல. சேலத்தில், ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். அதன் முதலாளி டி.ஆர்.சுந்தரம், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டுக்காரர். நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். தறியை விட்டு கேமராவைப் பிடித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அவற்றில் பல இன்று இணையத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. இரவுக்கு ஒன்றாக ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்தால், பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பெருமையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழம்பாசம் என்று பிரிந்து தெரிந்துவிடும்.

முதலிடம் ‘மந்திரி குமாரி’க்குத்தான். இதில் போட்டியே இல்லை. எம்.ஜி.ஆர். படம் என்று நினைத்து உட்காருபவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள். தளபதி வீரமோகனாக வரும் அவர் நன்றாகவே வாள் சுழற்றுகிறார், ஆனால் படம் அவருடையது அல்ல. ராஜகுருவின் மகன் பார்த்திபனாக வரும் எஸ்.ஏ.நடராஜனும், மந்திரியின் மகளாக வரும் மாதுரிதேவியும்தான் கதையைத் தூக்கிச் சுமக்கிறார்கள். தளபதி பதவி கிடைக்காத பார்த்திபன் இரவில் கொள்ளைக்காரனாகிறான். அதோடு விடாமல் கொள்ளையை ஒரு கலை என்றும் வாதாடுகிறான். மு.கருணாநிதியின் வசனம் அந்த அயோக்கியனுக்கு அத்தனை அழகான தமிழைக் கொடுத்திருக்கிறது. கேட்பவர் ஒரு நொடி தலையாட்டிவிட்டு, பிறகுதான் சுதாரிக்கிறார். கெட்டவனுக்கு நல்ல வாதம் கொடுப்பது எழுத்தாளனுக்குத் துணிச்சலான வேலை. இன்றைய படங்களில் இது அபூர்வம்.

இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர், இன்னொருவர் சுந்தரமே. தமிழ் தெரியாத டங்கன் தமிழ்ப் படங்களில் முகங்களை நெருக்கத்தில் காட்டியதும், நாடக மேடை வாடையைக் குறைத்ததும் இந்தப் படத்தில் கண்கூடாகத் தெரிகின்றன. ஜி.ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலையுச்சிப் பாட்டைத் தனியாகக் கேட்டால் இனிய காதல் பாட்டு. கதை தெரிந்து கேட்டால் முதுகு சில்லிடும். குறை இல்லாமல் இல்லை. நகைச்சுவைக் காட்சிகள் கதையை இழுத்துப் பிடித்து நிறுத்துகின்றன, அரண்மனைச் சுவர்கள் அட்டை என்று பளிச்சென்று தெரிகிறது. அந்த மலைக் காட்சிக்காக இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ‘உத்தம புத்திரன்’, 1940. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழில் இரட்டை வேடத்தின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தமிழ் அரண்மனைக்குள் கொண்டுவந்த படம். ஒரே ஆள் இரண்டு பேராகத் திரையில் நிற்பது இன்று குழந்தைக்கும் வியப்பில்லை. கணினி இல்லாத அந்தக் காலத்தில், கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து அதே ஆளை வேறு உடையில் மீண்டும் பிடிப்பார்கள். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் பிடித்தது வீண். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் படம் வேறாகத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒலி தேய்ந்திருக்கிறது, நடை மெதுவானது, பாட்டுகள் அதிகம். சின்னப்பாவின் குரலில் ருசி உள்ளவர்களுக்கு விருந்து. மற்றவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

எதிர்பாராத மகிழ்ச்சி ‘திகம்பர சாமியார்’. இதுவும் 1950. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்தான் கதை. நாயகன் எம்.என்.நம்பியார்! வாழ்நாள் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு வில்லனாக நின்றவர் என்று நாம் நினைத்திருக்கும் மனிதர், இதில் மாறுவேடம் மேல் மாறுவேடமாகப் போட்டுக் குற்றவாளிகளைப் பிடிக்கிறார். ஒவ்வொரு வேடத்துக்கும் நடை வேறு, குரல் வேறு. இவருக்கு இன்னும் நாலு நாயகன் படம் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் படம் முடிந்த பின்னும் போகவில்லை. சேலத்து வரிசையில் அதிகம் பேசப்படாத, அவசியம் பார்க்க வேண்டிய படம் இதுதான்.

‘காடு’ வேறு ரகம். 1952-ல் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்று ஆங்கிலத்தில் எடுத்த படம். ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி விண்ட்சர் என்று ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள். கதைப்படி காட்டு யானைகளை மிரள வைப்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன மாமத யானைகள். அதற்காக நம் ஊர் யானைகளுக்கு ரோம உடை மாட்டி நடக்கவிட்டிருக்கிறார்கள். யானைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. கதையும் எங்கும் ஒட்டவில்லை. படம் தோல்விதான். ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு ஹாலிவுட்டோடு கைகோக்க ஒருவர் துணிந்தார் என்பதற்கான சாட்சி அது.

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ பற்றி சேலம் பக்கத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1956 பொங்கலுக்கு வந்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். கேவா கலரில் எடுத்தது. இன்று கிடைக்கும் பிரதிகளில் நிறம் வெளிறிப் போயிருக்கிறது. வெளிறாமல் இருப்பது பி.பானுமதி. மார்ஜியானாவாக அவர் பாடுவதும், குறும்பு செய்வதும், எம்.ஜி.ஆருக்குச் சரிக்குச் சரி நிற்பதும் படத்தை இன்றும் இளமையாக வைத்திருக்கின்றன. திருடர் தலைவனாக பி.எஸ்.வீரப்பா சிரிக்கும்போது வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகும் பெண், பின்னாளில் இந்தித் திரையின் பெரிய நாயகியான வஹீதா ரஹ்மான். குடும்பத்தோடு பார்க்க இந்த வரிசையில் இதுவே முதல் படம்.

சுந்தரம் 1963-ல் மறைந்தார். மகன் ராமசுந்தரத்தின் காலத்தில் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று துப்பறியும் படங்கள் வந்தன. விறுவிறுப்பு உண்டு, பாட்டு உண்டு. நினைவில் தங்குவது குறைவு. ஒருமுறை பார்க்கலாம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இவை ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கில் உருவானவை. ஆரம்பத்தில் தமிழ்ப் படம் எடுக்க ஆட்களையும் சாமான்களையும் கட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேற வேண்டியிருந்தது. சுந்தரமும் அப்படிப் போனவர்தான். அந்த அலைச்சலை ஒழித்து, படப்பிடிப்புத் தளம் முதல் எழுத்தாளர்களின் கதை இலாகா வரை ஒரே வளாகத்துக்குள் வைத்தார். கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே வேலை பார்த்தவர்கள். நேரம் தவறாமை முதலாளியின் சட்டம். அதனால்தான் சுமாரான படத்தில்கூட பெரும்பாலும் கதை தடுமாறி நிற்பதில்லை.

பார்க்க முடியாத படம் ஒன்றும் இந்த வரிசையில் இருக்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1938-ல் இதே நிறுவனம் எடுத்தது. இன்று அதற்குப் பிரதியே இல்லை. அந்தக் காலத்துச் சுருள்கள் நைட்ரேட்டில் ஆனவை. எளிதில் தீப்பிடிக்கும், வெயிலிலும் ஈரத்திலும் மக்கிப் பிசினாகும். ஓடி முடிந்த படங்களின் சுருளைக் கரைத்து வெள்ளி எடுத்தவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல்தான் வந்தது. ‘மந்திரி குமாரி’யின் மூலமான குண்டலகேசிக் காப்பியமும் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிஞ்சின. ஓலையைச் செல்லுக்குக் கொடுத்த பிறகும் நாம் பாடம் படிக்கவில்லை, சுருளையும் விட்டுவிட்டோம்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது, உள்ளே வீடுகள் வந்துவிட்டன. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து வீடுகளில் பரணையைச் சுத்தம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா வாங்கி வைத்த பாட்டுப் புத்தகமோ, பட நோட்டீஸோ, படப்பிடிப்புப் புகைப்படமோ கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்கு எடை போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அவற்றைக் காப்பாற்றி வைக்கின்றன. அங்கே சேர்த்துவிடுங்கள்.